கால் சென்டரில் கையெழுத்திட்டுக் கொடுத்த இரண்டு காசோலைகள்

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த 23 வயதுப் பட்டதாரி நான். ஒரு கன்சல்டன்சி மூலம் சென்னை ஓ.எம்.ஆரில் உள்ள கால் சென்டரில் இரவு ஷிஃப்ட் வாய்ஸ் பிராசஸ் வேலையில் சேர்ந்தேன். 18 மாதத்துக்குள் விலகினால் 75,000 ரூபாய் தர வேண்டும் என்று பாண்ட் எழுதி வாங்கினார்கள். தொகையும் தேதியும் எழுதாத இரண்டு காசோலைகளையும் பட்டச் சான்றிதழின் அசலையும் வாங்கிக்கொண்டார்கள். டீம் லீடர் எல்லார் முன்னிலையிலும் தரக்குறைவாகப் பேசினார்; அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்குக்கூட விடுப்பு இல்லை. ஐந்தாம் மாதம் ராஜினாமாவை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். கடைசிச் சம்பளம் 18,400 ரூபாயை பாண்ட் தொகையில் கழித்துக்கொண்டதாக ஒரு கணக்கு அனுப்பினார்கள். இப்போது 75,000 ரூபாய்க்கான காசோலை பணமின்றித் திரும்பியதாக பெங்களூருவில் இருந்து வக்கீல் நோட்டீஸ் வந்து ஒன்பது நாள் ஆகிறது. ‘பாண்ட் செல்லாது, பதில் போடாதே’ என்கிறார் மாமா. என்ன செய்வது?

பதில்: நீங்கள் அனுப்பிய ஏழு பக்கக் கடிதத்தில் ஆறு பக்கங்கள் டீம் லீடரைப் பற்றியவை. அவர் பேசியது தவறுதான். ஆனால் அவர் எப்படிப் பேசினார், விடுப்பை யார் மறுத்தார், நள்ளிரவில் கேப் எத்தனை மணி நேரம் தாமதமாக வந்தது என்பவை எல்லாம் காசோலை வழக்கில் உங்களுக்கு எதிர்வாதம் ஆகா. ஏழாம் பக்கத்தில், ஏதோ உபரித் தகவல்போல் நீங்கள் எழுதியிருக்கும் 18,400 ரூபாய்தான் இந்த விவகாரத்தில் சட்டப்படி பொருட்படுத்த வேண்டிய ஒரே விஷயம்.

காரணம் இதுதான். காசோலை பணமின்றித் திரும்புவதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு பொருந்த வேண்டுமானால், காசோலை வங்கியில் செலுத்தப்படும் நாளில், அதில் எழுதப்பட்ட தொகை சட்டப்படி வசூலிக்கத்தக்க கடனாக இருக்க வேண்டும். இடையில் ஒரு பகுதி செலுத்தப்பட்டிருந்தும், அதைக் காசோலையில் குறிக்காமல் முழுத் தொகைக்கும் செலுத்தியிருந்தால் குற்றம் அமையாது என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் தீர்ப்பளித்தது. உங்கள் சம்பளத்தை பாண்ட் தொகையில் கழித்துக்கொண்டதாக அவர்களே கணக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவர்களின் கணக்கை அப்படியே ஏற்றாலும் பாக்கி 56,600 ரூபாய்தான், காசோலையோ 75,000க்கு. அந்தத் தீர்ப்பில் பணத்தைக் கொடுத்தவர் கடன் வாங்கியவர். இங்கே முதலாளியே பிடித்துக்கொண்டிருக்கிறார். எதிர்த்தரப்பு அந்த வேறுபாட்டைச் சொல்லி வாதாடும். ஆனாலும் இது கையில் எடுக்கத்தக்க வாதம். கணக்கு வந்த மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள். கைப்பேசியில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டோடு நின்றுவிடவும் வேண்டாம்.

உங்கள் மாமாவுக்கும் ஒரு வார்த்தை. பாண்ட் என்றாலே செல்லாது என்பது பழைய பேச்சு. குறைந்தபட்சப் பணிக்காலமும் விலகினால் 2 லட்ச ரூபாயும் என்று ஒரு பொதுத்துறை வங்கி வைத்த நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் செல்லும் என்றது. தனியார் கால் சென்டரின் மூன்று வாரப் பயிற்சிக்கு 75,000 ரூபாய் நியாயமான இழப்பீடா என்று ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்கீழ் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் அது உரிமையியல் வழக்கில் எழ வேண்டிய கேள்வி. அவர்கள் பாண்டின் பேரில் வழக்குப் போடவில்லை, காசோலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதை வெற்றுத் தாளாகத்தானே கொடுத்தேன் என்று சொல்லியும் தப்ப முடியாது. விரும்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலையை வேறொருவர் நிரப்பியிருந்தாலும், அது கடனுக்காகவே கொடுக்கப்பட்டது என்ற 139ஆம் பிரிவின் அனுமானம் பொருந்தும் என்று 2019இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. கடன் இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில்தான்.

கட்சிக்காரர்கள் தொடர்ந்து விழும் குழி இதற்குப் பிறகுதான் வருகிறது. நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 15 நாள். உங்களுக்கு மிச்சம் ஆறு. அதற்குள் பணம் போகாவிட்டால், பதில் போட்டிருந்தாலும் அடுத்த ஒரு மாதத்துக்குள் அவர்கள் புகார் தாக்கல் செய்யலாம். நிறுவனத்தின் வங்கிக் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அந்த எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்தில்தான் வழக்கு நடக்கும். நோட்டீஸில் பெங்களூருக் கிளையைக் குறிப்பிட்டிருப்பதால், நீங்கள் சென்னையில் வேலை பார்த்தீர்கள், விருதுநகரில் குடியிருக்கிறீர்கள் என்பதெல்லாம் உதவாது. தபால்காரரிடம் ‘ஆள் இல்லை’ என்று சொல்லிச் சம்மனைத் திருப்பி அனுப்பும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். சரியான முகவரிக்கு அனுப்பப்பட்டது திரும்பினாலும் சேர்ந்ததாகவே கொள்ளப்படும். பிறகு பிடியாணை வரும். உள்ளூர்க் காவல் நிலையத்துக் காவலர் ஒருவர் உங்கள் அப்பாவின் கடை வாசலில் வந்து நிற்பார். அந்த நேரத்தில் 75,000 ரூபாயைப் பற்றி வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். பக்கத்துக் கடைக்காரர் பார்த்துவிட்டாரே என்றுதான் பேசுவார்கள். வங்கித் தேர்வு எழுதி வருவதாகச் சொல்கிறீர்கள். குற்ற வழக்கு நிலுவையில் உள்ளதா என்ற கேள்விக்கு அந்தப் படிவத்தில் ‘ஆம்’ என்று எழுத வேண்டிய நிலை வரும். பாஸ்போர்ட்டுக்கும் அது தடையாகலாம்.

பதில் போடாதவர்களைவிட, பதற்றத்தில் தாமே பதில் போட்டுவிடுகிறவர்கள் இன்னும் ஆழமாக விழுகிறார்கள். ‘மேடம், கொஞ்சம் டைம் கொடுங்க, வேறு வேலை கிடைத்ததும் கட்டிவிடுகிறேன்’ என்று ஹெச்.ஆருக்கு ஒரு பெண் இரவு 11 மணிக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை, அவருடைய வழக்கில் கடனை ஒப்புக்கொண்ட ஆவணமாகத் தாக்கல் செய்தார்கள். நீங்கள் அப்படி ஏதாவது அனுப்பியிருந்தால் உங்கள் வழக்கறிஞரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காசோலை தொலைந்துவிட்டதாக இப்போது போய்க் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும் யோசனையையும் கைவிடுங்கள்; பொய்த் தகவல் கொடுத்த குற்றம் தனியாகச் சேரும். வங்கிக்கு ‘ஸ்டாப் பேமென்ட்’ கொடுப்பதும் 138இலிருந்து உங்களைக் காப்பாற்றாது.

பதில் நோட்டீஸை வழக்கறிஞர் மூலமே அனுப்புங்கள். 18,400 ரூபாயை அதில் எழுப்புவதானால், கடன் எதுவும் இல்லை என்று முழுமையாக மறுத்துவிட்டு, ‘உங்கள் கணக்கின்படியே பார்த்தாலும்’ என்ற சொற்களோடுதான் எழுத வேண்டும். அந்தச் சொற்கள் விட்டுப்போனால் 56,600 ரூபாய் பாக்கியை நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். இன்னொரு நுட்பமும் உண்டு. காசோலைத் தேதியிலிருந்து மூன்று மாதம் முடியாமல் இருந்தால், உங்கள் பதிலைப் படித்துவிட்டு, கழித்த தொகையைக் காசோலையில் குறித்து மறுபடியும் வங்கியில் போட்டுப் புது நோட்டீஸ் அனுப்ப அவர்களுக்கு வழி இருக்கிறது. ஆகவே தேதியைப் பார்த்த பிறகு, இதை இப்போதே சொல்வதா, விசாரணைக்கு வைத்துக்கொள்வதா என்பதை உங்கள் வழக்கறிஞர் முடிவு செய்யட்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் என் ஆலோசனை சமரசம்தான். வழக்கில் நீங்கள் வென்றாலும் ஒரு காசு கைக்கு வரப்போவதில்லை. விருதுநகரிலிருந்து பெங்களூருவுக்குப் பத்து வாய்தா போய்வரும் செலவும், அங்கே ஒரு வழக்கறிஞருக்கான கட்டணமும் சேர்ந்தால் பாண்ட் தொகையைத் தொட்டுவிடும். நீதிமன்றம் நினைத்தால் விசாரணை முடியும் முன்பே காசோலைத் தொகையில் 20 சதவீதம் வரை, அதாவது 15,000 ரூபாய் வரை, இடைக்கால இழப்பீடாகக் கட்டச் சொல்லலாம். ‘உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்ற குறிப்போடு, அதாவது இதைக் கடனை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளக் கூடாது என்று சொல்லி, 20,000 ரூபாயில் பேச்சைத் தொடங்குங்கள். 30,000இல் முடிந்தால் முடித்துவிடுங்கள். டீம் லீடர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பேச்சில் கொண்டுவராதீர்கள். அதற்காகவே இரண்டு சமரசங்கள் என் கண்முன் முறிந்திருக்கின்றன.

பணத்தை டிடியாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ மட்டும் கொடுங்கள். தவணைக்கென்று புதிய காசோலைகள் கேட்பார்கள்; கொடுக்கவே கூடாது. சமரசத்துக்காகக் கொடுத்த காசோலை திரும்பினால் அதன் பேரில் தனி வழக்கு எழும் என்பதும் தீர்ப்பாகிவிட்ட சங்கதி. பட்டச் சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல, அதைப் பிடித்துவைக்க நிறுவனத்துக்கு உரிமை இல்லை என்பது உண்மையே. இருந்தாலும் அதற்காகத் தனியே வழக்குத் தொடராமல், ரிலீவிங் லெட்டரோடு சேர்த்துச் சமரசப் பத்திரத்திலேயே எழுதி வாங்குங்கள்.

நோட்டீஸ் ஒரு காசோலையைப் பற்றித்தான் பேசுகிறது. நீங்கள் கொடுத்ததோ இரண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் முழுத் தொகையையும் கட்டி ஒரு காசோலையை வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போனார். மற்றது கன்சல்டன்சிக்காரரிடம் இருந்திருக்கிறது, ஏழு மாதம் கழித்து வேறொரு பெயரில் வங்கிக்கு வந்தது. உங்கள் காசோலைப் புத்தகத்தில் கிழித்த இடத்துக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பார்த்தால் அந்த இரண்டாவது தாளின் எண் தெரிந்துவிடும். அதைப் பதில் நோட்டீஸிலும் சமரசப் பத்திரத்திலும் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாள் உங்கள் கைக்கு வராமல் ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம்.