கோபுரம் யாருடையது? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: தமிழக அரசு முத்திரையில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் என்கிறேன் நான். மதுரைக் கோபுரம் என்று சாதிக்கிறார் என் மைத்துனர். பந்தயம் கட்டியிருக்கிறோம். யார் பக்கம் நியாயம்?
- ஒரு சிவகாசி வாசகர்

பதில்: ஊர் முழுக்க உங்கள் பக்கம். பொது அறிவுக் கையேடுகளும் ஸ்ரீவில்லிபுத்தூர் என்றே அச்சடிக்கின்றன. ஆனால் 1949-ல் முத்திரையை வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணராவ், மதுரை மீனாட்சி கோயிலின் மேலைக் கோபுரத்தைப் பார்த்து வரைந்ததாகச் சொல்லியிருக்கிறார். வரைந்தவர் வாக்குக்குத்தான் என் ஓட்டு. மைத்துனருக்குப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு 11 நிலை, மதுரை மேலைக் கோபுரத்துக்கு 9 நிலை, எண்ணிப் பார்த்துவிடலாமே என்று லென்ஸோடு கிளம்பாதீர்கள். ரேஷன் கார்டில் அச்சாகும் அளவில் அது நடக்காது. அதைவிட, கோபுரத்துக்கு முன்னால் இருப்பதைப் பாருங்கள்: அசோகர் தூணின் சிங்கங்கள், இரு பக்கமும் தேசியக் கொடி, சுற்றிலும் எழுத்து. விசாகப்பட்டினமும் மலபாரும் சேர்ந்திருந்த சென்னை மாகாணத்துக்காக வரைந்தது இது. அந்தப் பகுதிகள் பிரிந்து போன பிறகும் முத்திரை இங்கேயே தங்கிவிட்டது.

கேள்வி: கர்நாடகத்துக்குத் தனிக் கொடி இருக்கிறதாமே! நமக்கு ஏன் இல்லை?
- ஒரு ஓசூர் வாசகர்

பதில்: சட்டப்படி அவர்களுக்கும் இல்லை. எல்லை ஊர்க்காரரான நீங்கள் பார்ப்பது 1960-களில் மா. ராமமூர்த்தி உருவாக்கிய மஞ்சள் சிவப்புக் கொடி. மஞ்சளும் குங்குமமும் என்பார்கள். 2018-ல் சித்தராமையா அரசு நடுவில் ஒரு வெள்ளைப் பட்டையைச் சேர்த்து, அதில் கண்டபேருண்டம் என்ற இருதலைப் பறவை உள்ள மாநில முத்திரையை வைத்து மத்திய அரசின் அனுமதிக்கு அனுப்பியது. மக்கள் என்னவோ பழைய இரண்டு நிறத்தையே கட்டுகிறார்கள்.

நம் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 1970-ல் கருணாநிதி ஒரு மாநிலக் கொடி மாதிரியை வெளியிட்டார். ஒரு மூலையில் தேசியக் கொடி, இன்னொரு பக்கம் கோபுர முத்திரை. அது ஏறவே இல்லை. அரசியல் காரணம் இருக்கட்டும், எனக்கு வேறொரு குறை உண்டு. கோபுரத்துக்குப் பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு தேசியக் கொடி. மூலையில் மூன்றாவது எதற்கு? முத்திரை, காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பவருக்கு. கொடி, காற்றில் தூரத்திலிருந்து தெரிய வேண்டியது. ஒன்றை எடுத்து மற்றொன்றில் ஒட்டினால் இரண்டும் கெட்டுவிடும்.

சோழருக்கு இது தெரிந்திருக்கிறது. கொடியில் புலி மட்டும். செப்பேட்டு வளையத்தில் கோத்த முத்திரையில் பாருங்கள்: உட்கார்ந்த புலி, அதன் பக்கத்தில் பாண்டியரின் இரண்டு கயல், சேரரின் வில், மேலே குடை, இரு புறமும் சாமரம், விளக்கு. யார் யாரை வென்றோம் என்ற கணக்கு அத்தனையும் உள்ளங்கை அகலத்தில்! அரசாணை ஓலைகளைக் கவனிக்கும் ஓலைநாயகம் என்ற அதிகாரிக்கு அதைப் படிக்க நேரம் உண்டு. போர்க்களத்தில் நிற்பவனுக்கு ஏது?

கேள்வி: என் மாமா முன்னாள் எம்.எல்.ஏ. லெட்டர்பேடில் இன்னும் சிங்க முத்திரை போடுகிறார். கேட்டால் ‘பழக்கம்’ என்கிறார். தப்பா?
- ஊர் பெயர் வேண்டாமாம்

பதில்: தப்புதான். 2005-ம் ஆண்டுச் சட்டமும் 2007 விதிகளும், பதவி முடிந்த அமைச்சர், எம்.பி., எம்.எல்.ஏ., நீதிபதி யாரும் தேசிய முத்திரையைப் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. மீறினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட உண்டு. பதிலுக்குக் கோபுர முத்திரையைப் போடலாமா என்று அடுத்துக் கேட்பார். அதற்குள்ளும் அதே சிங்கங்கள்தான் நிற்கின்றன. மிச்சமிருக்கும் பேடுகளை மளிகைச் சீட்டு எழுதக்கூட வைத்துக்கொள்ள வேண்டாம், கிழித்துப் போடச் சொல்லுங்கள்.