அரக்கு என்று சொல்லுங்கள்

கேள்வி: உங்களிடம் பழைய வினைல் ரெக்கார்டுகள் நிறைய இருப்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள். அவற்றில் மனதுக்கு நெருக்கமான மூன்றைச் சொல்லுங்களேன். எங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தாவின் ரெக்கார்டுப் பெட்டி ஒன்று கிடக்கிறது. (வாசகர், கும்பகோணம்)

பதில்: சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த ‘வினைல்’ என்ற வார்த்தையைச் சும்மா விட மனசில்லை. என்னிடம் இருப்பதில் பாதிக்கு மேல் வினைலே கிடையாது. அரக்கு.

எல்.பி. என்கிற நீண்ட நேரம் ஓடும் வினைல் (பிளாஸ்டிக்) தட்டு வந்தது 1948-ல். அதற்கு முந்தைய அரை நூற்றாண்டில் உலகம் கேட்ட தட்டுகளில் பெரும்பாலானவை அரக்கையும் கல் பொடியையும் புகைக்கரியையும் சேர்த்து அழுத்திச் செய்தவை. அந்த அரக்கு நம் நாட்டுச் சரக்கு. புரச மரத்திலும் இலந்தையிலும் ஒட்டிக்கொண்டு வாழும் ஒரு சின்னப் பூச்சியின் பிசின். சோட்டா நாகபுரிக் காடுகளில் கிளையிலிருந்து சுரண்டி எடுத்தது கப்பலேறிப் போய், ஊர் ஊராகப் பாடியது. பாண்டவர்களைக் கொளுத்த துரியோதனன் எதில் மாளிகை கட்டினானோ, அதே பொருளில்தான் நாடக மேடைப் பாடகர் கிட்டப்பாவின் குரல் நமக்குத் தங்கியிருக்கிறது. இதைப் போய் வினைல் என்று சொன்னால் எனக்குப் பொறுக்காது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். பெயர் தெரியாததால்தான் தட்டுகள் சாகின்றன. என்னிடம் எஸ்.ஜி. கிட்டப்பா பாடிய ‘எவரனி’ கீர்த்தனைத் தட்டு இருக்கிறது. நான் வாங்கிய புதிதில் தூசியும் பூஞ்சையுமாக இருந்தது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்று ஒருவர் சொன்னார். வினைல்காரர் அவர். பஞ்சில் நனைத்து ஒரு சுற்றுதான் சுற்றினேன். பஞ்சு கறுத்தது. அழுக்கு வருகிறது என்று சந்தோஷப்பட்டு இன்னொரு சுற்று. பிசுபிசுவென்று விரலில் ஒட்டியபோதுதான் புரிந்தது, வந்தது அழுக்கல்ல, பாட்டு. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். தச்சர்கள் பாலீஷ் போடுவதே அப்படிக் கரைத்துத்தானே! கிட்டப்பா 1933-ல், முப்பது வயது ஆகுமுன்னே போய்விட்டார். பேசும்படத்தில் நடிக்கவில்லை. அந்தக் குரலுக்கு இருக்கும் ஒரே வீடு இந்தத் தட்டுகள்தாம். அதில் ஒன்றின் வெளி விளிம்பை என் கையாலேயே அழித்தேன். இன்றும் மனசு ஆறவில்லை. ஊசியை நடுவில் எடுத்து வைத்தால் மிச்சம் பாடும். அந்த மிச்சம்தான் என் முதல் தட்டு.

இரண்டாவது, நாகஸ்வரக் கலைஞர் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம். ‘பிளேட்டைத் திருப்பிப் போட்டுட்டான்’ என்று கட்சி மாறுகிறவர்களைத் திட்டுகிறோம் இல்லையா? கிராமபோன் தந்த வசவு அது. எனக்கு அந்த வசவின் மேல் வருத்தம் உண்டு. வீதியில் மணிக்கணக்கில் தோடி வாசித்த மனிதருக்குப் பத்து அங்குலத் தட்டு கொடுத்தது பக்கத்துக்கு மூன்று நிமிடம். மூன்று நிமிடம் ஆனதும் தட்டு கிர்கிர் என்று சும்மா சுற்றும். எழுந்து போய்த் திருப்பிப் போட்டு, ஊசியை மாற்றி, கைப்பிடியைச் சுற்றிவிட்டு உட்கார்ந்தால் அதே தோடி தொடரும். திருப்பிப் போட்டாலும் ராகம் மாறவில்லை. நம் அரசியல்வாதிகளுக்கு இந்தத் தட்டைத்தான் போட்டுக் காட்ட வேண்டும்.

ஊசி என்றதும் இன்னொன்று. தட்டில் சேர்த்த அந்தக் கல் பொடி இரும்பு ஊசியைத் தேய்க்கும். முதல் சில சுற்றிலேயே ஊசி முனை தேய்ந்து பள்ளத்தின் வடிவத்துக்கு வந்துவிடும். அப்புறம் அதை இன்னொரு பக்கத்துக்குப் போட்டால் பள்ளத்தையே அது உழும். பக்கத்துக்கு ஒரு ஊசி என்பது கஞ்சத்தனம் பார்க்கக் கூடாத கணக்கு. எல்.பி. ஊசியோ முனை மெலிந்தது. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டை ‘78’ என்போம்; அதன் அகலமான பள்ளத்தில் அது அடியில் போய் விழுந்து இரைச்சலைத்தான் பொறுக்கும். ‘பழைய ரெக்கார்டு என்றாலே ஒரே கரகரப்பு’ என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர் ஊசியைத் தவறாகப் போட்டவர்கள்.

மீதிப்பேர் கரகரப்பைச் சுத்தம் செய்து இணையத்தில் ஏற்றுகிறவர்கள். இவர்களோடு எனக்குப் பழைய தகராறு. இந்தப் பக்கத்திலேயே ஒரு சுற்று நடந்தது. இன்றும் அதையேதான் சொல்வேன்: இரைச்சலை வழிக்கும்போது நாகஸ்வரத்தின் சீவாளிச் (வாயில் வைத்து ஊதும் நாணல்) சத்தமும் சேர்ந்து போய்விடுகிறது. மிஞ்சுவது புல்லாங்குழல் மாதிரி ஏதோ ஒன்று. ராஜரத்தினம் பிள்ளையை அப்படிக் கேட்பதற்குக் கரகரப்போடு கேட்டுவிடலாம்.

மூன்றாவதுதான் நீங்கள் கேட்ட வினைல்: ‘திருவிளையாடல்’ கதை வசனம். படம் 1965-ல் வந்தது. அதன் வசனத்தை எங்கள் ஊருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் மைக் செட்காரர். தென்னையில் கூம்புக் குழாயைக் கட்டிவிட்டுக் கீற்றுக் கொட்டகையில் உட்கார்ந்திருப்பார். ஊசி துள்ளாமல் இருக்க அதன் தலையில் ஒரு நாலணாக் காசு வைத்திருப்பார். அந்தக் காசு தட்டைத் தின்றது உண்மைதான். ஆனால் தருமியாக நாகேஷ் புலம்புவதும் சிவனாகச் சிவாஜி அதட்டுவதும் வயல் தாண்டிக் கேட்டதற்கு அந்தக் காசும் ஒரு காரணம். படம் பார்க்காத கிழவிகள் அடுத்த வரியை முந்திக்கொண்டு சொல்வார்கள்.

மின்சாரம் எட்டாத ஊர்களில் கைப்பிடி கிராமபோன்தான் நெடுநாள் ஓடியது. அதன் கனமான தலைக்கு அரக்குதான் தாங்கும். அதனால்தான் மேல்நாடுகள் 78-ஐக் கைவிட்ட பிறகும், 1960-களில் பீட்டில்ஸ் பாட்டைக்கூட இந்தியாவில் 78-ஆக அச்சடித்தார்கள்.

சரி, உங்கள் பெட்டி. கனமாக, சுண்டினால் ஓடு மாதிரி ஒலித்தால் அரக்கு. கீழே விட்டால் உடையும். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். அழுக்கு இருந்தால் ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீர் போதும், லேபிளில் ஈரம் படக் கூடாது. ஸ்பிரிட் பாட்டிலை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். உள்ளே ‘எவரனி’ இருந்தால் உடனே எழுதுங்கள். அதன் ஆரம்பத்தைக் கேட்க நானே கும்பகோணம் வருகிறேன்.