12 நாள் பிள்ளைக்குத் தாய்ப்பால் பற்றவில்லையா?

தங்கச்சி, பிறந்து 12 நாளான பிள்ளை ஓயாமல் அழுகிறது, மார்பும் தளர்ந்துவிட்டது, ராத்திரிக்கு மட்டும் பவுடர் பால் கொடுக்கச் சொல்கிறார் மாமியார் என்று மன்னார்குடியிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். மார்பு மெத்தென்று ஆனதால் பால் வற்றிவிட்டது என்று நினைக்க வேண்டாம். முதல் வாரத்து வீக்கம் வடிந்தால் அப்படித்தான் இருக்கும்.

பிள்ளை சப்பும்போது புரோலாக்டின் என்ற ஹார்மோன் சுரந்து பால் ஊறுகிறது, ஆக்சிடோசின் என்ற இன்னொரு ஹார்மோன் அதை வெளியே தள்ளுகிறது. பால் உள்ளே தேங்கினால் சுரப்பு குறையும். கோடையில் காவிரி மணலில் தோண்டும் ஊற்று மாதிரி, இறைக்க இறைக்கத்தான் ஊறும். அதிலும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம். அந்த நேரத்தில் புட்டியைக் கொடுத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். பகலும் இரவுமாக 8 முதல் 12 தடவை கொடுங்கள். காம்பை மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்துப் பிள்ளை கவ்வ வேண்டும்.

போதுகிறதா என்பதற்கு அழுகை அளவுகோல் இல்லை. நாளுக்கு 6 தடவையாவது சிறுநீர் போகிறதா, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னால் எடை போட்டுப் பார்ப்பார். எடை ஏறாவிட்டாலோ, பால் குடிக்கக்கூட விழிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள்.

அப்புறம், மாமியார் வைக்கும் பூண்டுக் குழம்பை நன்றாகச் சாப்பிடுங்கள். பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்கச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள்.