ஃபிளாஷைக் கெடுத்து வாள் செய்பவர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சினிமா ப்ராப்புகளை, அதாவது படத்தில் நடிகர்கள் கையில் வரும் பொருட்களை, அச்சு அசலாகச் செய்பவர்களைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். நான் ஓய்வு பெற்ற பத்திரிகைப் புகைப்படக்காரன், பழைய கேமராக்களைச் சேர்ப்பவன். ஸ்பீட் கிராஃபிக் என்ற பழைய பத்திரிகைக் கேமராவில் மாட்டும், கிராஃப்ளெக்ஸ் கம்பெனியின் ஃபிளாஷ் கைப்பிடியை இப்போது வாங்கவே முடிவதில்லை. வெறும் கைப்பிடிக்குக் கேமரா விலை சொல்கிறார்கள். காரணம், உங்கள் ஸ்டார் வார்ஸ் பட ரசிகர்கள். வாங்கி, பட்டை ஒட்டி, வாள் என்கிறார்கள். ஒரு பொம்மைக்காக நல்ல கருவியைக் கெடுப்பதில் என்ன கலை? என்னிடமும் ஒன்று இருக்கிறது. கொடுக்க மாட்டேன்.

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

கொடுக்காதீர்கள். உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு.

ஆனால் இந்தக் கெடுக்கும் வேலையை ரசிகர்கள் ஆரம்பிக்கவில்லை. முதல் ஸ்டார் வார்ஸ் படத்துக்கு (1977) செட் அலங்காரம் பார்த்த ரோஜர் கிறிஸ்டியன் லைட்சேபருக்கு (கைப்பிடியிலிருந்து ஒளியே அலகாக நீளும் வாள்) என்ன செய்வதென்று தெரியாமல், கையில் பெரிய பட்ஜெட்டும் இல்லாமல், லண்டனில் ஒரு கேமராக் கடைக்குப் போய் வித்தியாசமாக ஏதாவது கிடக்கிறதா என்று கேட்க, கடைக்காரர் அலமாரிக்கு அடியில் தூசி படிந்து கிடந்த பெட்டிகளைக் காட்டியிருக்கிறார். உள்ளே நீங்கள் சொல்லும் அதே கைப்பிடிகள். எலெக்ட்ரானிக் ஃபிளாஷ் வந்த பிறகு பல்பு ஃபிளாஷை யார் சீந்துவார்கள்? டி வடிவக் கறுப்புப் பட்டையை நறுக்கி சூப்பர் க்ளூ போட்டு ஒட்டினார், பெல்ட்டில் தொங்கவிட அடியில் ஒரு வளையம் வைத்தார், வாள் தயார். அந்தப் படத்தின் கலை இயக்கத்துக்குக் கிடைத்த ஆஸ்கரில் அவருக்கும் பங்கு உண்டு.

ஒரு விஷயம் மிச்சம். கைப்பிடியின் நடுவே இருக்கும் கிளாம்பில் பளபளவென்று ஒரு வரிசைக் குமிழ்கள் தெரியும், கவனித்திருக்கிறீர்களா? எழுபதுகளின் கால்குலேட்டர்களில் எல்.இ.டி. எண்கள் எறும்பு சைஸில் இருக்கும் என்பதால், பெரிதாகத் தெரிய மேலே குமிழ் குமிழாக ஒரு பிளாஸ்டிக் லென்ஸ் பட்டை வைப்பார்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எக்ஸாக்ட்ரா கால்குலேட்டரிலிருந்து பிடுங்கிய பட்டைதான் அது. ஆக, இந்த வாளுக்காக உங்கள் ஃபிளாஷ் மட்டுமல்ல, ஊரில் இருக்கும் பழைய கால்குலேட்டர்களும் உயிரை விடுகின்றன. 1980-இல் வந்த அடுத்த படத்தில் அதே இடத்தில் சர்க்யூட் போர்டுத் துண்டு ஒன்று உட்கார்ந்திருக்கும். கதைப்படி ஒரே வாள்தான். செய்கிறவர் முதலில் எந்தப் படத்து வாள் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும், இரண்டையும் கலந்தால் சக ரசிகர்கள் சும்மா விடமாட்டார்கள்.

கலை எங்கே என்று கேட்டீர்கள். அதே படத்தில் ஓபி-வான் என்ற கிழ வீரர் கையில் இருக்கும் வாள் இன்னும் விசித்திரமான பொருள். முதல் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் எறிகுண்டு (ரைஃபிளில் வைத்துச் சுடுவது), ரோல்ஸ்-ராய்ஸ் டெர்வென்ட் ஜெட் எஞ்சினின் ஒரு குழாய், பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கியின் ஒரு பாகம், ஆர்மிட்டேஜ் ஷாங்க்ஸ் பாத்ரூம் குழாயின் திருகுப்பிடி. கடைசியில் சொன்னதைத் திரும்பவும் படியுங்கள், பாத்ரூம் குழாய்தான். கிடைத்ததைப் பொருத்தினார்கள், எதை எங்கிருந்து எடுத்தோம் என்று யாரும் கணக்கு எழுதி வைக்கவில்லை. மங்கலான ஸ்டில்களைப் பெரிதாக்கி, ஒரு வளைவையும் ஒரு பள்ளத்தையும் வைத்து, இது இந்த எஞ்சினின் இந்தக் குழாய் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தவர்கள் இந்த ரசிகர்கள், அதற்குப் பல ஆண்டுகள் ஆயின. உடைந்த மண்பாண்டத்தை வைத்துக் காலம் சொல்கிறவர்களுக்கு நாம் கொடுக்கும் மரியாதையில் கொஞ்சம் இவர்களுக்கும் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

பிளேட் ரன்னர் (1982) படத்துத் துப்பாக்கி விஷயமும் இப்படித்தான். ஸ்டேயர் மான்லிக்கர் வேட்டைத் துப்பாக்கியின் மேல்பகுதியையும் சார்ட்டர் ஆர்ம்ஸ் புல்டாக் ரிவால்வரையும் ஒட்டுப்போட்டுச் செய்தது. இருபது வருஷத்துக்கு மேல் எல்லாரும் ஸ்டில் பார்த்து ஊகித்துச் செய்துகொண்டிருந்தார்கள். 2006-இல் அமெரிக்காவில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் அசல் துப்பாக்கியையே காட்சிக்கு வைத்தார்கள். அன்றைக்குப் பலர் வீட்டு ஷெல்ஃபில் இருந்தது பழைய மாடலாகிவிட்டது. மறுபடி முதலிலிருந்து! ஸ்டார் வார்ஸ் வில்லன் டார்த் வேடரின் முகமூடியில் இடது பக்கமும் வலது பக்கமும் ஒன்றுபோல இருக்காது, கையால் செதுக்கியது. நல்ல நகல் செய்கிறவர் அந்தக் கோணலையும் அப்படியே கொண்டுவருவார், சரிசெய்தால் அது தப்பு.

சரி, உங்கள் கோபத்தின் நியாயமான பாதிக்கு வருகிறேன். அசல் கிராஃப்ளெக்ஸை எடுத்துப் பசை பூசுவது எனக்கும் பிடிக்காது, அதற்கு இன்று அவசியமும் இல்லை. அளவெடுத்து லேத்தில் கடைந்த நகல் குழாய்கள் கிடைக்கின்றன, சிவப்புப் பட்டன் முதற்கொண்டு இருக்கும். இருந்தும் சிலர் அசல்தான் வேண்டும் என்று நிற்பார்கள். ஒரு நண்பர் வீட்டில் அசல் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகு அவர்களையும் என்னால் முழுக்கத் திட்ட முடியவில்லை. முலாம் பூசிய பித்தளை, உள்ளங்கையில் சில்லென்று கனத்தது. அடியைத் திருப்பினால் ராச்செஸ்டர், நியூயார்க் என்று ஊர்ப்பெயர். நான் 3டி பிரிண்டரில் செய்து வெள்ளி பெயின்ட் அடித்து வைத்திருப்பதோ டூத்பிரஷ் டப்பா மாதிரி இருக்கிறது, மனைவியும் அதையே சொன்னாள். அந்த நண்பர் பட்டை எதையும் பசை போட்டு ஒட்டவில்லை, மெல்லிய இருபக்க டேப்பில் நிறுத்தியிருக்கிறார், வேண்டாமென்றால் உரித்துவிட்டு மறுபடி ஃபிளாஷாக வைத்துக்கொள்ளலாம். இந்தச் சண்டையில் நான் நிற்பது அவர் பக்கம்.

அப்புறம், உங்களிடம் இருப்பதை ஒரு முறை திறந்து பாருங்கள். அதில் மூன்று பெரிய டார்ச் பேட்டரி போகும். உள்ளே பழைய பேட்டரி கிடந்தால் உடனே எடுத்துவிடுங்கள், கசிந்து பித்தளையை அரித்துவிடும்.