அடுத்தடுத்த கனங்களின் வித்தியாசத்தைப் பெருக்கிப் பார்க்காமல் எடுக்க முடியுமா?

101³ − 100³ எவ்வளவு, இரண்டையும் தனித்தனியே பெருக்காமல் எடுக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. விடை 30301, பேனை எடுக்கவே தேவையில்லை.

சிறிய எண்ணை அ என்று வையுங்கள். (அ + 1)³ = அ³ + 3அ² + 3அ + 1 என்பது சாதாரண தரத்தில் படிக்கும் சர்வசமன்பாடுதான். அதில் அ³ஐக் கழித்தால் மிஞ்சுவது 3அ² + 3அ + 1. அ = 100 என்றால் 30000 + 300 + 1. அவ்வளவுதான் கணக்கு.

ஆனால் இதைப் பாடமாக்கி வைத்தால் நிற்காது. நான் வெள்ளவத்தையில் பின்னேரங்களில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். விரிவை ஒப்புவிக்கும் பிள்ளைகளே சோதனைப் பதற்றத்தில் (அ + 1)³ = அ³ + 1 என்று எழுதிவிடுவார்கள். நடுவில் உள்ள இரண்டு உறுப்புகளும் எங்கிருந்து வருகின்றன என்று கண்ணால் கண்ட பிள்ளை அந்தப் பிழையைச் செய்வது குறைவு.

அதற்கு ஒரு ரூபிக் கியூப் போதும். ஒரு மூலை மூக்குக்கு நேரே வரும்படி பிடியுங்கள், மூன்று முகங்கள் தெரியும். மூலைக் கட்டை 1. அதிலிருந்து பிரியும் மூன்று விளிம்புகளிலும் இரண்டிரண்டாக 6. மூன்று முகங்களிலும் மிச்சம் இருப்பது 2 × 2 சதுரம், ஆக 12. மொத்தம் 19. இவற்றை உரித்தெடுத்தால் பின்னால் இருப்பது 2 × 2 × 2. அதாவது 27 − 8 = 19. இங்கே அ = 2: 3அ² அந்த மூன்று சதுரங்கள், 3அ மூன்று விளிம்புகள், 1 அந்த மூலை.

இதைக் காட்டிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி, "மிஸ், கரம் விளையாடக் காய் அடுக்கினாலும் இப்படித்தானே வரும்?" என்றாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நடுவில் சிவப்பு, சுற்றி 6, அதைச் சுற்றி 12. கறுப்பு 9, வெள்ளை 9, சிவப்பு 1, எல்லாமாக 19! இது தற்செயல் இல்லை. மூலைக்கு நேரே பார்த்தால் மூலைக் கட்டை நடுவிலும் மற்றவை 6, 12 என்று வளையமாகவும்தான் தெரியும். அடுத்த வளையத்துக்கு 18 காய் வேண்டும். அப்போது 37, அதாவது 64 − 27. 1, 7, 19, 37, 61 என்று போகும் இவற்றை மையப்படுத்திய அறுகோணி எண்கள் என்பார்கள்.

வளையம் ஒவ்வொன்றும் ஆறின் மடங்கு என்பதைக் கவனித்தீர்களா? மேலே எடுத்த 3அ² + 3அ + 1 என்ற கோவையிலும் அது தெரியும்: 3அ(அ + 1) + 1. அ, அ + 1 இரண்டில் ஒன்று இரட்டை எண், ஆகவே 3அ(அ + 1) எப்போதும் 6ஆல் வகுபடும். உங்கள் விடையில் 1ஐக் கழித்து 6ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி வந்தால் எங்கேயோ பிழை.

அப்புறம், 7, 19, 37, 61 நான்கும் முதன்மை எண்கள் என்பதால் எல்லாமே அப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்து வரும் 91 என்பது 7 × 13.

திருப்பியும் போகலாம். 397 எந்த இரண்டு கனங்களின் வித்தியாசம்? 1ஐக் கழித்தால் 396, மூன்றால் வகுத்தால் 132. அது 11 × 12. ஆகவே 12³ − 11³. பெருக்கிப் பாருங்கள், 1728 − 1331.