‘ரை’ என்றால் பாராட்டா, குத்தலா?

லண்டன் மேலாளர் அப்ரைசலில் ஒரு வாசகரின் நகைச்சுவை உணர்வை ‘ரை’ (டபிள்யூ, ஆர், ஒய்) என்று குறிப்பிட்டிருக்கிறாராம். ‘டிரை’ (டி, ஆர், ஒய்) என்று அடிக்கப்போய் எழுத்து மாறிவிட்டதா, இல்லை மட்டம் தட்டுகிறாரா என்று கேட்கிறார்.

எழுத்துப் பிழை இல்லை. தாராளமாகச் சந்தோஷப்படலாம். இது தனிச் சொல். முதல் டபிள்யூ ஊமை.

பழைய ஆங்கிலத்தில் திரும்புவது, வளைவது என்ற பொருளில் ஒரு வினைச்சொல் இருந்தது. அதன் வழியாக, ‘ஒரு பக்கம் கோணிய’ என்ற பொருளில் 16ஆம் நூற்றாண்டில் வழங்கத் தொடங்கியதுதான் ‘ரை’. கழுத்து பிடித்துக்கொண்டு ஒருபக்கம் சாய்ந்துவிட்டால் ‘ரை நெக்’. இதே பெயரில் மரங்கொத்திக் குடும்பத்துப் பறவை ஒன்று உண்டு. கையில் பிடித்தால் பாம்பு மாதிரி கழுத்தைத் திருகிச் சீறும். குளிர்காலத்தில் இந்தியாவுக்கும் வரும். டபிள்யூ-ஆரில் தொடங்கும் மற்ற சொற்களையும் பாருங்கள்: துணி பிழிய ரிங், நட்டு திருக ரென்ச், புழு நெளிய ரிகிள். முறுக்கிக்கொள்வதே பிழைப்பான கூட்டம்!

கசப்பு மருந்து குடித்த பிள்ளையின் கோணிய முகமும் ‘ரை’தான். அப்புறம் உதட்டின் ஓரம் மட்டும் லேசாக ஏறும் சிரிப்பு, அந்தச் சிரிப்போடு வரும் பேச்சு என்று பொருள் நகர்ந்தது.

சரி, ‘டிரை’யிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது? ‘டிரை’ என்பது சிரிப்பைக் காட்டாமல் வறட்டுத்தனமாகச் சொல்லும் தொனி. 1897இல் லண்டனில் இருந்த அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் இறந்துவிட்டதாக வதந்தி கிளம்பியபோது, தன் மரணச் செய்தி மிகைப்படுத்தப்பட்டது என்று அலுவலகக் குறிப்பு போலப் பதில் சொன்னார். அது டிரை. ‘ரை’யில் லேசான கசப்பு வேண்டும், சொல்பவரும் அதில் பங்காளியாக இருப்பார். ரிலீஸ் மூன்றாவது முறை தள்ளிப்போகிறது. “தள்ளிப்போடுவதில் மட்டும் நாம் ஒருநாளும் தாமதித்ததில்லை” என்கிறீர்கள். அது ரை. அந்த ‘நாம்’ முக்கியம். ‘நீங்கள்’ என்று மாற்றிப் பாருங்கள், வெறும் நக்கலாகிவிடும்.

தமிழில் ‘குசும்பு’ பக்கத்தில் வருகிறது. ஆனால் அதில் குறும்பு தூக்கல், கசப்பு குறைவு. நான் ‘உதட்டோரக் கிண்டல்’ என்றுதான் எழுதுவேன்.

ஒன்று மட்டும்: பயோடேட்டாவில் இதை நீங்களே எழுதிவிடாதீர்கள். அடுத்தவர் சொன்னால்தான் எடுபடும்.