டிகிரிக்குப் போடும் பணம் திரும்பி வருமா?

“ப்ளஸ் டூ முடித்த தம்பியைத் தர்மபுரிப் பக்கம் தனியார் இன்ஜினியரிங் காலேஜில் சேர்ப்பதா, ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு அனுப்புவதா, எது லாபம்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

பலரும் ஃபீஸை மட்டும்தான் செலவாக எழுதுவார்கள். அந்த நான்கு வருடம் வராமல் போகும் சம்பளமும் செலவுதான். ஒரு பேச்சுக்கு, கம்பெனியில் மாதம் 15,000 என்று வையுங்கள். 48 மாதத்துக்கு 7,20,000. ஃபீஸ் வருடம் 80,000 என்றால் 3,20,000. ஆக 10,40,000. படித்ததால் மாதம் 10,000 கூடுதலாக வந்தால்கூட அதை எடுக்க எட்டரை வருடம் தாண்டும். கூடுதல் 5,000தான் என்றால் பதினேழு வருடம்! கடன் வட்டி தனி.

கவுன்சிலிங்கில் பர்கூர் அரசு இன்ஜினியரிங் கல்லூரி கிடைத்தால் கதையே வேறு. தம்பி ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியா? 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தால் ஃபீஸும் ஹாஸ்டல் செலவும் அரசே கட்டும். தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 வேறு.

சுமாரான தனியார் காலேஜுக்காக நிலத்தை விற்காதீர்கள் என்பேன். அரசு வேலைக்கான குரூப் 2 தேர்வு எழுத ஒரு டிகிரி இருந்தால் போதும் என்றால், தர்மபுரி அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, பஸ் பாஸும் இலவசம். சிப்காட்தான் என்றால், வேலை கான்ட்ராக்டா, பி.எஃப். பிடிக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள்.